கவருக்கு மேல் ஓர் எண்

திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றால் கூரை முழுக்க ஓவியம். ரிஷபதேவர் கதை, வர்த்தமானர் கதை, நேமிநாதர் கதை, அதோடு சேர்ந்து வரும் கிருஷ்ணன் கதை. படக்கதைப் புத்தகத்தை விரித்துக் கூரையில் ஒட்டியதுபோல வரிசை வரிசையாகப் போகும். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பல்லக்கையும் நடனக்காரிகளையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். என் கண் போவது படங்களுக்குக் கீழே ஓடும் பட்டையில்தான். அங்கே சின்ன எழுத்தில், தமிழிலும் கிரந்தத்திலும், இது இன்ன காட்சி, இவர் இன்னார் என்று எழுதியிருக்கிறது.

மண்டபத்தைக் கட்டியவர் விஜயநகரத் தளபதி இருகப்பர். தன் ஆசிரியர் புஷ்பசேனர் சொல்லி 1387-88ல் கட்டினார் என்று கல்வெட்டு இருக்கிறது. ஓவியங்கள் அதற்குப் பிந்தியவை, 16, 17ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. 1934ல் டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயில்களைப் பற்றி எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. அவர் காட்சி காட்சியாகக் கதையைப் பிரித்துச் சொல்ல முடிந்ததற்கு அந்தப் பட்டை எழுத்து ஒரு முக்கியக் காரணம். இன்றைக்குப் பல இடங்களில் வண்ணம் உரிந்துவிட்டது. ஆனாலும் எழுத்து மிச்சமிருக்கிற இடத்தில், மேலே பாதி முகம்தான் இருந்தாலும், அது யார் முகம் என்று தெரிகிறது.

கம்ப்யூட்டர்காரன் புத்தி, எனக்கு இதை மெட்டாடேட்டா என்றுதான் சொல்ல வரும். கூரையில் படம் எழுதிய அந்த ஆட்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: படம் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளாது.

அந்தக் கோயிலிலிருந்து வேகவதியைத் தாண்டி பிள்ளையார்பாளையம் வந்தால் தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள். அங்கே எந்த வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் ஸ்டுடியோ போட்டோ கிடைக்கும். கேபினட் சைஸ், போஸ்ட்கார்டு சைஸ், ஓரம் நெளிநெளியாக வெட்டிய சின்னப் படம். கீழே யார் பெயரும் இருக்காது. "இது உங்க தாத்தாவோட சித்தி" என்று சொல்லக்கூடிய ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அது குடும்பப் படம். அவர் போன மறுநாளிலிருந்து அது ஒரு பழைய படம், அவ்வளவுதான். 400 வருடத்துக் கூரையை விட 60 வருடத்து ஆல்பம் சீக்கிரம் ஊமையாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தமிழ்நாட்டின் சின்ன ஊர் ஸ்டுடியோக்களை யாராவது தேடிப் போனார்களா என்றால், போனார்கள். 2010களின் நடுவில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்து மானிடவியலாளர் ஸோயி ஹெட்லி தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் கதவைத் தட்டியது. பணம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்திலிருந்து. அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு: அசல் ஆவணம் நாட்டை விட்டுப் போகக் கூடாது, நகல் மட்டும்தான் போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சுமார் 1980 வரை, அதாவது கறுப்பு வெள்ளைக் காலம் முழுவதும், அவர்கள் தேடியது. ஆயிரக்கணக்கான படங்கள் ஸ்கேன் ஆயின.

தேடிப் போனவர்களுக்குப் பல இடங்களில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "எல்லாம் போட்டாச்சு சார்." கண்ணாடி நெகட்டிவ் என்பது ஒரு பக்கம் ஜெலட்டின் பூசிய நல்ல கண்ணாடி. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் படம் போய்விடும், கண்ணாடி மிஞ்சும். ஃபிரேம் போடலாம், ஜன்னலுக்கு வைக்கலாம். பிலிமிலோ வெள்ளி இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது உலோக வெள்ளியின் நுண்துகள்தான். மூட்டைக் கணக்கில் நெகட்டிவ் வாங்கிப் போய் அதிலிருந்து வெள்ளி எடுக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஒரு ஊரின் அம்பது வருட முகங்களை எடைக்குப் போட்டால் கொஞ்சம் வெள்ளி வரும். பழைய ஜரிகைப் புடவையைக் கொடுத்துக் காசு வாங்குகிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஜரிகையும் வெள்ளிதானே.

இதற்காக ஸ்டுடியோக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடை வாடகை ஏறுகிறது, பரணில் இடமில்லை, யாரும் மறுபிரதி கேட்டு வருவதில்லை. பொக்கிஷம் என்று வெளியில் இருந்து சொல்லுவது சுலபம்.

சரி, மிஞ்சிய படங்களில் என்ன இருக்கிறது? அன்றாட வாழ்க்கை என்று நாம் சொல்லும்போது தெரு, சந்தை, தறி, குழாயடி என்று கற்பனை செய்கிறோம். ஸ்டுடியோப் படத்தில் அதெல்லாம் இருக்காது. பின்னால் திரை, திரையில் வரைந்த பூங்கா, மாடிப்படி, தூண். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி அல்லது ரேடியோ. தறிக்குழியில் கால் விட்டு நாள் முழுக்க உட்கார்ந்த மனிதர், படத்தில் கைக்கடிகாரம் தெரிகிற மாதிரி கையை மடக்கி நாற்காலியில் இருப்பார். கடிகாரம் அவருடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் வகைகளைக் கவனித்தால் ஒரு தமிழ் வாழ்க்கையின் முழுச் சுற்றும் வந்துவிடும். குழந்தைக்கு மொட்டை, காது குத்து. பெண் பெரியவளானதும் ஒரு படம். வளைகாப்புக்கு ஒன்று. கல்யாணமான புதிதில் ஜோடியாக ஒன்று, அவர் உட்கார்ந்து அவள் நின்று, நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு இடைவெளி விட்டு. பூ ஜடை தைத்த பெண்ணை நிறுத்தி, முகமும் முதுகும் ஒரே படத்தில் வரும்படி பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து எடுப்பது நம் ஸ்டுடியோக்காரர்கள் கையாண்ட அருமையான தந்திரம். ஒரே கிளிக்கில் இரண்டு பக்கமும் ரெண்டர் செய்திருக்கிறார்கள். கடைசியாக, செத்தபிறகு ஒன்று. பிணத்தைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, உறவுக்காரர்கள் சுற்றி நின்று எடுத்த படங்கள் அந்தக் குழு சேகரித்த தொகுப்பில் முக்கியமான ஒரு பகுதி. நம் வயதுக்காரர்களுக்கு இது திகிலாக இருக்கலாம். ஆனால் பல பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வாழ்நாளில் எடுத்த முதல் படமும் ஒரே படமும் அதுதான். அந்தப் படம் இல்லாவிட்டால் அந்த முகமே இல்லை.

காஞ்சிபுரத்துக்காரனாக எனக்கு இன்னொரு ஆசை: புடவையைப் பார்ப்பது. கறுப்பு வெள்ளையில் பட்டுப்புடவையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பீர்கள். முந்தைய தலைமுறை ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் டார்க்ரூமில் சிவப்பு விளக்கு எரியவிட முடிந்தது. அதே குருட்டுத்தனத்தால் அரக்கு நிறப் புடவை படத்தில் கரியாக வரும். நெற்றிக் குங்குமமும் கரி. பச்சை வெளுத்து வரும். ஜரிகை விளக்கு பட்ட இடத்தில் வெந்து வெள்ளையாகிவிடும். பின்னால் எல்லா நிறமும் தெரிகிற பிலிம் பரவலான பிறகும் எல்லாம் சாம்பல்தான், ஆனால் சாம்பலின் வரிசை மாறிவிட்டது. ஆக, பழைய படத்தில் ஒரு புடவை கரும் நிறத்தில் இருந்தால் அது கறுப்பு என்று நினைக்காதீர்கள். கல்யாணத்தில் யார் கறுப்பு கட்டினார்கள்!

நிறம் போனாலும் கரை போகாது. எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த படங்களை ஒருநாள் நான் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா பின்னால் வந்து நின்றார். முகங்களை அவர் பார்க்கவே இல்லை. "கொஞ்சம் கீழ எறக்கு. கரைய காட்டு" என்றார். பிறகு ஒவ்வொரு படத்துக்கும்: "இது தாழம்பூ ரேக்கு. கோர்வை போட்டது, பாரு, உடலும் கரையும் சேர்ற இடம். இது அடை வேலைடா, ஜக்கார்டு இல்ல. இது ஜக்கார்டு வந்தப்புறம். அப்ப இந்தப் படம் அதுக்கப்புறம்தான்." பத்து நிமிடத்தில் பதினேழு படங்களை முன்னும் பின்னுமாக வரிசைப்படுத்திவிட்டார். முந்தியை உடலோடு இணைக்கிற பெட்னி தெரிகிறதா என்று இரண்டு படங்களில் தேடினார், தெரியவில்லை. ஒரு படத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்று, "இது நம்ம வீட்டுப் புடவை இல்ல, யார்கிட்டயோ வாங்கிக் கட்டியிருக்காங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்த ஜரிகைக்கு நம்மகிட்ட ஏது காசு?"

நெய்கிறவர் வீட்டில் பட்டு இருக்காது என்பது இந்த ஊரில் பழைய பேச்சு. அது ஒரு படத்தின் கரையில் இருந்து இப்படி வெளியே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புகைப்படக்காரர் எடுக்க நினைத்தது ஒரு பெண்ணை. அவள் காட்ட நினைத்தது புடவையை. பெரியப்பா படித்தது கடனை.

இதே இடத்தில் வட இந்தியாவிலிருந்து ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் நாக்தா என்று ஒரு சின்னத் தொழில் நகரம். மரக்கூழிலிருந்து இழை எடுக்கிற பெரிய ஆலை உள்ள ஊர். அங்கே சுரேஷ் பஞ்சாபி என்பவர் 1979ல் சுஹாக் ஸ்டுடியோ என்று ஒன்றைத் தொடங்கினார். லண்டனைச் சேர்ந்த மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி 1980களின் தொடக்கத்திலிருந்து அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனவர். சுரேஷின் ஆரம்பகால நெகட்டிவ்களை வைத்து இருவர் பெயரிலும் 2013ல் ஒரு புத்தகம் வந்தது. வெளியிட்டது நம் சென்னையின் தாரா புக்ஸ். பின்னி பல வருடங்களாகச் சொல்லிவருவது, இந்த ஸ்டுடியோக்களுக்கு வருகிறவர்கள் தாங்கள் இருக்கிறபடி படம் பிடிக்கச் சொல்வதில்லை, இருப்பதை விட நன்றாக வர வேண்டும் என்கிறார்கள் என்பது. அதனால் அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு ஊர் எதற்கு ஆசைப்பட்டது என்பதும் அந்த ஊரின் வரலாறுதான்.

இதன் எதிர்ப்பக்கத்தில் இருப்பது அரசாங்கத்தின் காமிரா. சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக 1856ல் நியமிக்கப்பட்ட லின்னியஸ் டிரைப், 1857-58ல் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் இரசாயனங்களை ஏற்றிக்கொண்டு போனார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டிப் பத்தொன்பது அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். இன்றைக்கு போனில் பனோரமா எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். அற்புதமான வேலை. ஆனால் அந்தப் படங்களில் மனிதர்கள் அநேகமாக இல்லை. கல் அசையாது, மனிதன் அசைவான் என்பது ஒரு காரணம். மேலிடத்துக்கு வேண்டியது கல்தான் என்பது இன்னொரு காரணம். பிறகு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்தியாவின் மக்கள்' என்று ஒரு பெரிய நூல் வந்தது. அதில் மனிதர்கள் இருக்கிறார்கள், சாதி மாதிரிகளாக, இனத்தின் பெயரோடு. பெரும்பாலும் ஆளின் பெயர் இல்லை.

அரசாங்கம் ஆளை எடுத்தால் பெயர் போய்விடும். ஸ்டுடியோவில் ஆள் தன் பெயரோடு, தன் காசு கொடுத்து, தனக்குப் பிடித்த மாதிரி நின்றான். ஆனால் அந்தப் பெயரையும் கடைசியில் காப்பாற்ற முடியவில்லை. ஏன்?

காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஸ்டுடியோவில் நெகட்டிவை ஒரு கவரில் போட்டு, கவருக்கு மேல் ஓர் எண் எழுதுவார்கள். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தேதி, எத்தனை காப்பி, எவ்வளவு முன்பணம் என்ற விவரம் எல்லாம் பில் புத்தகத்தில் இருக்கும். இரண்டும் இரண்டு இடத்தில். டேட்டாபேஸ் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும், சுத்தமான வடிவமைப்பு அது. பிரச்சினை என்னவென்றால், கணக்கு வருடம் முடிந்து, வரி எல்லாம் தீர்ந்த பிறகு பில் புத்தகம் முதலில் குப்பைக்குப் போகும். நெகட்டிவ் பெட்டிகள் அதற்கப்புறமும் சில வருடம் பரணில் இருக்கும். சாவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூட்டை வைத்துக்கொண்டோம். உலகம் முழுக்கப் பழைய ஸ்டுடியோ நெகட்டிவ்களைக் காப்பாற்றுகிறவர்கள் பலர் வந்து முட்டி நிற்கிற சுவர் இதுதான். படம் இருக்கும், எண் இருக்கும், ஆள் யாரென்று தெரியாது. என்னைக் கேட்டால், ஒரு ஸ்டுடியோ தன் சரக்கைத் தூக்கிப் போடப் போகிறது, நீங்கள் ஒரே ஒரு பொருளைத்தான் எடுக்கலாம் என்றால், நெகட்டிவ் பெட்டியை அல்ல, பில் புத்தகத்தை எடுங்கள் என்பேன். பிரிண்ட்டுகள் எப்படியும் வீடுகளில் இருக்கின்றன.

இதில் இன்னொரு சிக்கல், இது யாருடைய சொத்து? 1957ஆம் வருடத்து இந்தியக் காப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான் என்கிறது. அதாவது பரணில் உள்ள பிலிம் துண்டு ஸ்டுடியோக்காரருடையது, அதில் இருக்கும் படத்தின் உரிமை வாடிக்கையாளருடையது. அந்த வாடிக்கையாளர் யார் என்பது தொலைந்துபோன பில் புத்தகத்தில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர், கண்காட்சி, நூலகம், இன்ஸ்டாகிராம் பக்கம் என்று பழைய படம் பயணம் போகும்போது இந்தக் கேள்வி கூடவே போகிறது. நம் அத்தையின் படம் முகவரியில்லாத அழகுப் பொருளாக யாரோ ஒருவர் சுவரில் மாட்டப்படுவதில் உங்களுக்குச் சம்மதமா? எனக்கு அரை மனசுதான்.

லெபனானில் சைதா என்ற கடலோர ஊரில் ஹாஷெம் எல் மதனி என்று ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தார். கலைஞர் அக்ரம் ஸாதாரி அவருடைய தொகுப்பை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். மதனி சொன்ன ஒரு சம்பவம்: ஒரு பெண் கணவனுக்குச் சொல்லாமல் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கணவன் வந்து நெகட்டிவைக் கேட்டான். மற்றவர்கள் படமும் அதே ரோலில் இருக்கிறது, தர முடியாது என்றார் மதனி. கடைசியில் அவள் படங்களின் மேல் ஊசியால் கீறிவிடுவது என்று முடிவாகி, கீறினார். சில வருடம் கழித்து அந்தப் பெண் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனாள். கணவன் திரும்பி வந்தான். வேறு ஏதாவது படம் இருக்கிறதா, பெரிது பண்ணித் தர முடியுமா என்று கேட்டான்.

கீறல் விழுந்த அந்த நெகட்டிவ்களின் பிரிண்ட்டை நான் கணினித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். கோடுகளுக்குப் பின்னால் அவள் நன்றாகவே தெரிகிறாள்.

இனி கொஞ்சம் கணக்கு. 120 ரோல் பிலிமில் ஒரு சதுரப் படம் 56 மில்லிமீட்டர். 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் பக்கத்துக்குச் சுமார் 5,300 பிக்சல், மொத்தம் 28 மெகாபிக்சல். 16 பிட் கறுப்பு வெள்ளையாகச் சேமித்தால் ஒரு படம் 56 எம்பி. ஒரு நடுத்தர ஸ்டுடியோவின் 10,000 நெகட்டிவ்கள் 560 ஜிபி. சில ஆயிரம் ரூபாய் ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும். படத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் 833 மணி நேரம், தினம் எட்டு மணி நேர வேலை என்றால் 104 நாள். இடமும் இயந்திரமும் செலவே இல்லை என்று சொல்லலாம். அந்த 104 நாள் உட்காருகிற ஆள்தான் செலவு. அவசரமும் உண்டு: அசிடேட் பிலிம் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சிதைய ஆரம்பித்தால் புளிக்காடி வாடை வரும், பிறகு சுருங்கி நெளியும். வாடை வந்த பெட்டியை ஒத்திப்போட முடியாது.

ஸ்கேன் செய்துவிட்டால் பிழைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஒரு ரான்சம்வேர் கும்பல் முடக்கியது. நூலகம் பணம் தர மறுத்தது, கும்பல் ஏறக்குறைய 600 ஜிபி உள்தகவலை வெளியே கொட்டியது. நூலகத்தின் இணையச் சேவைகள் பல மாதம் படுத்துக் கிடந்தன, அழிந்துவரும் ஆவணங்களின் பக்கமும் அதில் சேர்த்தி. தமிழ்நாட்டுப் பரண்களில் இருந்து தப்பித்த முகங்கள் லண்டனில் கொஞ்ச காலம் மாட்டிக்கொண்டன. நகல் ஒரே இடத்தில் இருந்தால் அது நகல் இல்லை என்று எங்கள் தொழிலில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதையும் அப்படித்தான். தாத்தா பாட்டி கல்யாணத்துக்கு ஒரே ஒரு படம், பத்திரமாக இருக்கிறது. அக்கா கல்யாணம் 2007ல். எழுநூறு சொச்சம் படம் எடுத்தார்கள், ஆல்பத்துக்கு அறுபது தேர்ந்தெடுத்தோம். மீதி சிடியில் வந்தது, இப்போது அந்த சிடி எதிலும் ஓடவில்லை. ஸ்டுடியோவில் கேட்டால், மூணு மாசம்தான் சார் வச்சிருப்போம், அப்புறம் டிஸ்க்க காலி பண்ணிடுவோம் என்றார்கள். ஊட்டியில் 1960ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமில் எடுத்த பல நெகட்டிவ்கள், ஆலையே மூடியபிறகும், இன்னும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிகின்றன. அவற்றைப் பார்க்க மின்சாரம்கூட வேண்டாம்.

அந்த ஒரே கல்யாணப் படத்தில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார், பாட்டி நிற்கிறாள். பெரியப்பா "யார்கிட்டயோ வாங்கிக் கட்டினது" என்று சொன்ன புடவை அதில் இருப்பதுதான். அட்டையைத் திருப்பினால் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: மறுபிரதி தேவைப்படுவோர் கீழ்க்கண்ட எண்ணைக் குறிப்பிட்டு எப்பொழுது வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம். கீழே பேனாவால் 4418 என்று எழுதியிருக்கிறது. அந்த விலாசத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை. கடைப் பையன் எண்ணைப் பார்த்துவிட்டு, "நாலு நம்பர்தான் இருக்கு, மீதி ஆறு நம்பர் எங்கண்ணா?" என்றான்.